ரெட்டைச் சைலன்சர்

யமஹா ஆர்.டி. 350 ஜப்பானில் 1973-இல் வெளிவந்தது. 1975 மாடலோடு அங்கே அதன் கதை முடிந்தது. எட்டு வருடம் கழித்து, 1983-இல், ஹரியானாவின் ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் அதே வண்டியை மறுபடி செய்யத் தொடங்கியது. பிறந்த வீட்டில் யமஹா, புகுந்த வீட்டில் ராஜ்தூத் 350. பழைய ஜப்பான் வண்டிகளில் இதைவிடப் பெயர்பெற்றவை உண்டு. ஹோண்டா சி.பி. 750-க்கும் கவாசாகி இசட் 1-க்கும் வெளிநாட்டு ஏலங்களில் விழுகிற விலையை ஆர்.டி. எட்டப்போவதில்லை. ஆனால் இப்படி இரண்டு நாட்டில், இரண்டு பெயரில், இரண்டு வாழ்க்கை வாழ்ந்த வண்டி அரிது. அந்த இரண்டு வாழ்க்கையும் தெரியாமல் ஆர்.டி. வாங்கப் போகிறவர், எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரியாமலேயே கொடுத்துவிட்டு வருவார்.

முதல் வாழ்க்கை ஒரு பியானோ கம்பெனியில் ஆரம்பிக்கிறது. ஹமாமட்சு நகரத்தின் நிப்பான் காக்கி நிறுவனம் ஆர்கனும் பியானோவும் செய்துவந்தது; உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்கு புரொப்பெல்லர் செய்தது. போர் முடிந்ததும் அந்த இயந்திரங்கள் சும்மா கிடந்தன. நிறுவனத் தலைவர் கெனிச்சி கவகாமி அவற்றை வைத்து மோட்டார் சைக்கிள் செய்யலாம் என்று முடிவெடுத்தார். 1955-இல் வந்த முதல் வண்டி, ஒய்.ஏ. 1, ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. (RT) 125-ஐப் பார்த்துச் செய்தது. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி யமஹா மோட்டார் தனி நிறுவனமானது. பார்த்துச் செய்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போருக்குப் பிறகு இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ.யும் அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சனும் அதே ஜெர்மன் வண்டியைத்தான் பார்த்துச் செய்தன. அடுத்த பதினெட்டு வருடத்தில் யமஹா அதிலிருந்து எவ்வளவு தூரம் போனது என்பதுதான் விஷயம்.

1957-இல் 250 சிசியில் இரட்டை சிலிண்டர் வந்தது. 1964-இல் ஆட்டோலூப் வந்தது. அதுவரை டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர் பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயிலை அளந்து கலக்க வேண்டும். ஆட்டோலூப்பில் ஆயிலுக்குத் தனித் தொட்டி. இன்ஜின் வேகத்துக்கும் ஆக்சிலேட்டர் திருகலுக்கும் தக்கபடி ஒரு சின்ன பம்ப் அளந்து அனுப்பும். 1967-இல் முதல் 350, 1970-இல் ஆர் 5, அதன் அடுத்த பிறவியாக 1973-இல் ஆர்.டி. 350.

ஆர்.டி.யில் புதிதாக வந்தது ரீட் வால்வு. சாதாரண டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோல் கலவை உள்ளே வரும் துவாரத்தைப் பிஸ்டனின் ஓரம்தான் திறந்து மூடும். வேகம் குறைவாக இருக்கும்போது உள்ளே வந்த கலவையில் கொஞ்சம் வந்த வழியே கார்புரேட்டருக்குத் திரும்பிவிடும். அதனால் வண்டி கீழ் வேகத்தில் திணறும், மேலே போனால்தான் பாயும். யமஹா அந்த வாசலில் மெல்லிய எஃகு இதழ்களை வைத்தது. உள்ளே உறிஞ்சும்போது இதழ் விரியும், அழுத்தம் திரும்பினால் தானே மூடிக்கொள்ளும். கலவை திரும்பி ஓட வழியில்லாததால் பிஸ்டனின் பாவாடைப் பகுதியில் ஜன்னல் வெட்ட முடிந்தது, சிலிண்டருக்கு இன்னொரு துவாரமும் கொடுக்க முடிந்தது. 347 சிசி, 64 மில்லிமீட்டர் போர், 54 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ஆறு கியர், 7,500 சுற்றில் 39 குதிரைத்திறன். எடை 145 கிலோவை ஒட்டி. இதைவிட இருமடங்கு பெரிய இன்ஜின் உள்ள வண்டிகளை அமெரிக்காவின் சிக்னல்களில் இது திணறடித்தது.

பந்தய உறவும் சும்மா விளம்பரத்துக்குச் சொன்னதில்லை. அமெரிக்காவின் டேடோனா 200 மைல் பந்தயத்தை 1972-இல் டான் எம்டேயும் 1973-இல் ஃபின்லாந்தின் யார்னோ சாரினெனும் யமஹாவின் 350 சிசி பந்தய வண்டியில், 750 சிசி வண்டிகளை எதிர்த்து வென்றார்கள். அந்தப் பந்தய இன்ஜினும் ஆர் 5, ஆர்.டி. சாலை வண்டிகளின் இன்ஜினும் நெருங்கிய சொந்தம். சாரினென் அதே 1973-ஆம் ஆண்டு மே மாதம் மான்ஸா பந்தயத்தில் இறந்துபோனார். இன்றைக்கும் ஆர்.டி. வைத்திருப்பவர்கள் அவர் பெயரைச் சொல்லும்போது குரல் மாறும்.

1975-இல் வந்த ஆர்.டி. 350 பி தான் ஜப்பானியக் காற்றுக் குளிர்ப்பு 350-இன் கடைசி. 1976-இல் அந்த இடத்துக்கு ஆர்.டி. 400 வந்தது. 1978 மாடல்களிலிருந்து அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாடு டூ-ஸ்ட்ரோக்குக்கு எதிராக இறுகியது. 1979-இன் டேடோனா ஸ்பெஷலோடு அந்த வரிசையே அங்கே முடிந்தது. ஐரோப்பாவில் தண்ணீர்க் குளிர்ப்போடு ஆர்.டி. பெயர் தொடர்ந்தது.

இரண்டாவது வாழ்க்கைக்கு வருவோம். எண்பதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து இரு சக்கர வண்டி செய்ய இந்திய அரசு வழிவிட்டது. ஓசூரில் இண்ட்-சுசுகி, ஹரியானாவில் ஹீரோ ஹோண்டா, புனே பக்கம் கவாசாகி பஜாஜ் என்று வரிசையாக வந்தன. எல்லாமே 100 சிசி. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் அவற்றின் பேச்சு. எஸ்கார்ட்ஸ் மட்டும் அவற்றுக்கு முன்பாகவே 350 சிசி ஜப்பான் வண்டியைக் கொண்டுவந்தது. அதுவரை ராஜ்தூத் என்றால் போலந்து வண்டியின் வழிவந்த 175 சிசி, பால்காரரும் கிராமத்து வாத்தியாரும் ஓட்டுகிற வண்டி. அந்தப் பெயரையே இதற்கும் வைத்தார்கள்.

அப்போது நம் சாலையில் பெரிய வண்டி என்றால் திருவொற்றியூரில் செய்த புல்லட் 350. அதன் திறன் 18 குதிரை. மைசூரின் யெஸ்டி 250-க்கு 13. அவற்றின் நடுவே 30-ஐத் தாண்டிய வண்டி வந்து இறங்கினால் எப்படி இருந்திருக்கும்! விலையும் பதினெட்டாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. ஆறு கியரையும் இரட்டை சிலிண்டரையும் நம்மூர்க்காரர்களில் பலர் அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தார்கள்.

வந்த வண்டி ஜப்பானில் இருந்த வண்டி மாதிரியே இருக்கவில்லை. 39 குதிரையை 30.5 ஆகக் குறைத்திருந்தார்கள். பெட்ரோல் கொஞ்சமாவது மிச்சமாகட்டும் என்பது கணக்கு. 1985 வாக்கில் அதை இன்னும் குறைத்து 27 ஆக்கினார்கள். முன்னதை ஹெச்.டி. என்பார்கள், பின்னதை எல்.டி. இந்த மூன்றரைக் குதிரை வித்தியாசம் இன்றைக்கு விலையில் பெரிய வித்தியாசமாக வந்து நிற்கிறது. முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கை எடுத்துவிட்டு இரட்டை ஷூ டிரம் பிரேக் போட்டார்கள். எனக்கு இந்த முடிவின்மேல் இன்றும் வருத்தம் உண்டு. மணிக்கு நூறைத் தாண்டிப் பறக்கிற வண்டிக்கு அந்த டிரம் போதாது. புல்லட்டிலிருந்து இதற்கு மாறிய இளைஞர்களுக்கு வேகம் கிடைத்தது, அதை நிறுத்துவதற்கான பழக்கமும் கருவியும் கிடைக்கவில்லை. எத்தனையோ ஊர்களில் இந்த வண்டிக்குக் கெட்ட பெயர் வந்ததற்கு அதுவே காரணம்.

ஐரோப்பாவில் யமஹா அதே 1983-இல் விற்றது தண்ணீர்க் குளிர்ப்பும் பவர் வால்வும் உள்ள 59 குதிரைத்திறன் ஆர்.டி. 350. நமக்கு வந்தது 1975-இன் வண்டி. ஆனாலும் நம் சாலையில் அதற்கு எதிராளி இல்லை. சென்னைக்கு வடக்கே, உலகப் போர்க் கால ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஆர்.டி.யின் அலறலைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே இருக்கிறது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தடம் வந்தபோது சோழவரம் அடங்கியது. ஆர்.டி.யும் ஏறக்குறைய அப்போதே அடங்கிவிட்டது.

சந்தையில் அது தோற்றது ஏன் என்று பலரும் மைலேஜை மட்டும் சொல்வார்கள். லிட்டருக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் கொடுத்த வண்டி அன்றைய நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது என்பது நிஜம்தான். ஆனால் மெக்கானிக் பிரச்சினை அதைவிடப் பெரியது. புல்லட்டையும் யெஸ்டியையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டியவர்களுக்கு இது புதிர். இரண்டு கார்புரேட்டரும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் திறக்க வேண்டும். இரண்டு செட் பாயிண்ட். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி டைமிங். ஜப்பானியக் கையேடு சொல்கிறபடி பிஸ்டன் உச்சிக்கு 2 மில்லிமீட்டர் முன்பாகப் பொறி விழ வேண்டும். அதைப் பிளக் துவாரத்தில் டயல் கேஜ் இறக்கிப் பார்க்க வேண்டும். கேஜ் இல்லாத பட்டறையில் காதால் கேட்டு வைத்தார்கள். ஒரு பக்கம் முந்தியும் ஒரு பக்கம் பிந்தியும் ஓடிய இன்ஜின் ஒருநாள் பிஸ்டனைப் பிடித்துக்கொண்டது. ஆட்டோலூப் பம்பின் கேபிளை யாரும் சரிபார்க்கவில்லை. பம்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்ரோலில் ஆயில் ஊற்றச் சொன்னார்கள். எண்பதுகள் முடியும்போது உற்பத்தி நின்றது. உதிரி பாகமும் வரவில்லை.

தொண்ணூறுகளில் ஆர்.டி. ஓரங்கட்டப்பட்ட வண்டி. யமஹாவின் ஆர்.எக்ஸ். 100-ஐக் கொண்டாடிய அதே ஆட்கள் இதைச் சீந்தவில்லை. பத்தாயிரத்துக்கும் அதற்குக் கீழேயும் கைமாறியது. ரெட்டைச் சைலன்சரைக் கழற்றிவிட்டு, பட்டறையில் வெல்டிங் வைத்த பெரிய வயிற்றுக் குழாய்களை மாட்டினார்கள். பின் மட்கார்டை வெட்டினார்கள். சென்னையில் கூவம் ஓரத்துப் புதுப்பேட்டையில் பாகம் பாகமாகப் பிரித்து விற்றார்கள்; ஜி.பி. ரோட்டுக் கடைகளில் அதற்குப் பொருந்தும் என்று வேறு வண்டியின் பாகத்தைக் கொடுத்தார்கள். எத்தனையோ வண்டி காயலான்கடையில் எடைக்குப் போயிற்று. போனவை போக மிச்சமிருப்பவைதான் இன்றைக்கு லட்சங்களில் விலை பேசுகின்றன.

அந்த விலையை எப்படி மதிப்பது? எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ராயப்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு மூத்த மெக்கானிக். பளபளவென்று கருப்பும் பொன்னும் பூசிய ஒரு ஆர்.டி.யின் படத்தைப் போனில் காட்டி, "அண்ணே, இது எவ்வளவு பெறும்?" என்று கேட்டேன். படத்தைப் பார்க்கவேயில்லை. "பெயின்ட் நான் கூட அடிச்சுத் தருவேன் தம்பி. மொதல்ல ஆர்.சி. புக்கைக் காட்டச் சொல்லு" என்றார்.

ஆர்.சி. புத்தகம்தான் முதல் சொத்து. ஜப்பானில் செய்த ஆர்.டி.யில் ஸ்டியரிங் கழுத்தில் அடித்த எண்ணும் இன்ஜின்மேல் அடித்த எண்ணும் ஒன்றே. அதனால் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் முதலில் அவை பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். இங்கே சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண்ணைச் சுற்றியுள்ள உலோகத்தை விரலால் தடவிப் பாருங்கள். கிரைண்டர் ஓடிய பள்ளம் இருந்தாலோ, ஓர் எண் ஆழமாகவும் அடுத்த எண் மேலோட்டமாகவும் இருந்தாலோ, வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் சேஸிஸில் செத்த வண்டியின் எண்ணை அடித்து விற்பது இந்த வியாபாரத்தில் உண்டு. அந்த வழக்கு வாங்கினவர் தலையில்தான் விடியும். வெளி மாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்று வேண்டும். பதினைந்து வருடம் முடிந்த பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா, பசுமை வரி கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். 1989-க்கு முன்பு பதிவான நம்மூர் வண்டிகளில் டி என்ற எழுத்தில் தொடங்கும் பழைய மூன்றெழுத்துப் பதிவெண் இருக்கும். அது முதல் உரிமையாளர் பெயரோடு, அந்தக் காலத்துப் புத்தகமாகவே கிடைத்தால் கூடுதல் விலை கொடுக்கலாம், தப்பில்லை.

அடுத்தது இன்ஜினின் வெளிக்கூடு. வார்ப்பில் வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா? செயின் அறுந்து கூட்டை உடைப்பது உண்டு. சிலிண்டரின் குளிர்விப்புத் தகடுகள் உடைந்திருக்கின்றனவா? இவற்றைப் புதிதாக வாங்க எந்தக் கடையும் இல்லை. இன்னொரு செத்த ஆர்.டி.யிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

விற்பவரிடம் "நான் வர்றதுக்கு முன்னாடி வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார். குளிர்ந்த இன்ஜின் எத்தனை உதையில் எழுகிறது என்பது முக்கியம். எழுந்த பிறகு புகையைப் பாருங்கள். டூ-ஸ்ட்ரோக்கில் ஆரம்பப் புகை சகஜம். ஆனால் வண்டி சூடேறிய பிறகும் வலது சைலன்சரில் மட்டும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் போய்விட்டது. கியர்பாக்ஸ் ஆயிலை இன்ஜின் குடிக்கிறது. இடது பக்கச் சீல் போனால் புகை வராது, அதுதான் ஆபத்து. அந்தப் பக்கம் ஆல்டர்னேட்டர் இருப்பதால் ஆயிலுக்குப் பதில் வெளிக்காற்று உள்ளே போகும். கலவை மெலிந்து, சூடேறி, நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் போகும்போது பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டு பிளக்கையும் கழற்றிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். இரண்டும் தேன் நிறத்தில் இருந்தால் நல்லது. ஒன்று தேன் நிறமாகவும் ஒன்று வெளுத்தும் இருந்தால் விலையில் இன்ஜின் வேலைக்கான தொகையை அப்படியே கழித்துக்கொள்ளுங்கள்.

அந்த வேலையின் மையம் கிராங்க். மெக்கானிக் அண்ணன் ஒருநாள் ஆர்.டி.யின் கிராங்க்கை மேஜைமேல் வைத்திருந்தார். நான்கு மெயின் பேரிங், இரண்டு கனெக்டிங் ராட், நடுவில் இரண்டு பக்கத்துக் காற்றும் கலக்காமல் தடுக்கிற சீல்; எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அழுத்திப் பொருத்தியது, திருகு கிடையாது. ராடின் தலையைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். அசைவே இருக்கக் கூடாது. கொஞ்சம் 'டக்' என்றாலும் அடிப் பேரிங் போய்விட்டது. பிறகு பக்கவாட்டில் ஆட்டினார். அதில் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம். 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் ராடை மாற்ற வேண்டும். மாற்றுவதென்றால் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் பின்னை வெளியே தள்ளி, புதியதை ஏற்றி, இரண்டு முனையில் தாங்கிச் சுற்றி, டயல் கேஜின் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் 0.03 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது. ஆடினால் எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று பார்த்து, செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடி சுற்று, மறுபடி தட்டு. அவர் அன்று மதியம் முழுக்க அதைத்தான் செய்தார். இந்த வேலை தெரிந்தவர்கள் சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் மிகக் குறைவாகவே இருக்கிறார்கள், வயதும் ஆகிக்கொண்டிருக்கிறது. வண்டி வாங்குவதற்கு முன்பு அப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் வண்டி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

பிஸ்டன் தலையில் இருக்கும் எண்ணும் ஒரு வரலாறு. 25, 50, 75, 100 என்று இருந்தால் சிலிண்டர் அத்தனை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பெரிதாகக் கடையப்பட்டிருக்கிறது. அதாவது எத்தனை முறை போர் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். 100-க்கு வந்த சிலிண்டருக்கு அடுத்த போர் கிடையாது; ஸ்லீவ் மாற்ற வேண்டும். போர் போடும் லேத்காரரிடம் பிஸ்டனையும் கையோடு கொடுங்கள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் நான்கைந்து பங்குதான். உத்தேசமாகக் கடைந்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடினால் ஒன்று சத்தம் போடும், இல்லையென்றால் பிடித்துக்கொள்ளும். ரீட் வால்வின் எஃகு இதழ் விளிம்பில் முடி மாதிரி விரிசல் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். உடைந்த துண்டு நேராக இன்ஜினுக்குள்தான் போகும். ஆட்டோலூப் பம்ப் இல்லாத வண்டியாக இருந்தால் எங்கிருந்தாவது அதைத் தேடி மறுபடி மாட்டுங்கள். அந்த இன்ஜினை வடிவமைத்தவர்கள் அதை நம்பித்தான் வடிவமைத்தார்கள்.

இனி, நான் பலரோடு சண்டை போடுகிற விஷயத்துக்கு வருகிறேன். ராஜ்தூத் 350-ஐ வாங்கிச் சரிசெய்கிறவர்களில் பாதிப் பேர் அதை ஜப்பான் ஆர்.டி.யாக மாற்றிவிடுகிறார்கள். டேங்கில் ராஜ்தூத் என்ற பெயரைச் சுரண்டிவிட்டு வெளிநாட்டிலிருந்து வரவழைத்த யமஹா ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க். இண்டிகேட்டர், மீட்டர், கைப்பிடி எல்லாம் 1973 மாடலில் இருந்தது போல. செலவு லட்சக்கணக்கில். வந்து நிற்கிற வண்டி அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1973-இன் ஆர்.டி. அமெரிக்காவில் இன்னும் ஏராளமாகக் கிடைக்கிறது. ஃபரிதாபாத்தில் பிறந்த ஹெச்.டி. உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதன் டிரம் பிரேக்கும், அதன் பெயரும், அதன் குறைந்த குதிரைத்திறனும் இந்த நாடு அந்தப் பத்தாண்டில் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியை அழித்துவிட்டு, வேறொரு நாட்டு வண்டியின் நகலைச் செய்வதை நான் புதுப்பித்தல் என்று ஏற்கமாட்டேன்.

பாதுகாப்புக்காக டிஸ்க் வேண்டும் என்பவரிடம் எனக்கு வாதமில்லை. உயிர் முக்கியம். தினமும் ஓட்டுகிறவர் மாற்றிக்கொள்ளட்டும். கழற்றிய டிரம், ஹப், ஃபோர்க் மூன்றையும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி ஒரு பெட்டியில் வைத்துவிடுங்கள். விற்கும்போது பெட்டியும் சேர்ந்து போகட்டும். அதே போல, கம்பெனியின் அசல் சைலன்சர் துருப்பிடித்துக் கிடந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். இன்றைக்கு ஆர்.டி. பாகங்களில் தேடித் தேடிக் கிடைக்காதது அதுதான். ஓட்டை விழுந்த இடத்தை அடைத்து, மறுபடி குரோம் ஏற்றிக்கொள்ளலாம். சைலன்சர் பொருந்தாத டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் திறனையும் இழக்கும், பெட்ரோலையும் கூடக் குடிக்கும். புகைக்குழாயில் திரும்பி வருகிற அழுத்த அலையும் அந்த இன்ஜினின் ஒரு பாகம்.

பெயின்ட் விஷயத்திலும் பொறுமை வேண்டும். நாற்பது வருடத்துக்கு முன்பு கம்பெனியில் அடித்த பெயின்ட் முக்கால்வாசி மிஞ்சியிருந்தால் அதைத் தொடாதீர்கள். டேங்கின் உட்புறத் துருவை மட்டும் எடுங்கள். புது பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். பழையதை ஒருமுறை சுரண்டினால் திரும்பி வராது. நன்றாகப் பெயின்ட் அடித்த வண்டிக்கும், அடிக்காமல் அசலாக இருக்கும் வண்டிக்கும் ஒரே விலை கேட்டால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். பழம்பெரும் வண்டிகளுக்கென்று மத்திய அரசு 2021 ஜூலையில் தனிப் பதிவு விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண்; புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் கழித்து மறுபதிவுக்கு 5,000. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டுபோகலாம், அன்றாடம் ஓட்டக் கூடாது. 1983-இல் பதிவான முதல் ராஜ்தூத் 350-க்கு அந்தத் தகுதி 2033-இல்தான் வரும். அதுவரை அது சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய வண்டி. பதிவைக் காலாவதியாக விட்டுவிட்டால் காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள்.

யமஹாவே இப்போது நம் பக்கத்து ஊர்க்காரர். ஒரகடம் அருகே வல்லம் வடகாலில் அதன் தொழிற்சாலை இருக்கிறது. சோழவரத்துப் பந்தயத்தை இருங்காட்டுக்கோட்டைக்கு மாற்றினார்களே, அங்கிருந்து அது அதிகத் தூரமில்லை. பழைய வண்டிக்கான கிராங்க் சீலும் கேஸ்கெட்டும் சிறு எண்ணிக்கையிலாவது மறுபடி செய்து கொடுக்க அவர்களால் முடியும் என்று நம்புகிறேன். ஆர்.டி. வைத்திருப்பவர்கள் சேர்ந்து கேட்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் வீட்டில், மாடிப்படிக்குக் கீழேயோ மாட்டுக் கொட்டகையிலோ, சித்தப்பா ஓட்டிய ரெட்டைச் சைலன்சர் வண்டி ஒன்று சாக்கு மூடிக் கிடக்கலாம். காயலான்கடைக்காரர் வந்து விலை கேட்டால் அனுப்பிவிடுங்கள். பீரோவில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். இரண்டு பிளக் துவாரத்திலும் கொஞ்சம் டூ-டி ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அசைந்தால் உங்களிடம் இருப்பது காப்பாற்றக்கூடிய வண்டி. அசையாவிட்டாலும் உதைக்காதீர்கள், ஒரு வாரம் ஆயிலில் ஊறட்டும், பிறகு ஆர்.டி. தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.